மாரிக்குப்பம் எங்கே போயிற்று?

கோலார் தங்கவயலில் ஊருக்கு ஒரு பெயர் போதாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரத்தின் பெயர் ராபர்ட்சன்பேட்டை. தினமும் பெங்களூருக்கு ரயிலேறுகிறவர்கள் வாயில் கேஜிஎஃப். தமிழர்கள் எழுதும்போது தங்கவயல். எந்தப் பெயரைச் சொல்லித் தார் போட்டாலும் சாலை ஒன்றுதான்.

பிஎச்பி மொழியில் இந்த ஏற்பாட்டுக்கு ரெஃபரன்ஸ் என்று பெயர். ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995-ல் வெளியிட்ட இந்த மொழியில் இன்றும் ஏராளமான இணையதளங்கள் ஓடுகின்றன. ஒரு மாறியில் உள்ள எண்ணையோ பட்டியலையோ இன்னொரு மாறிக்குச் சாதாரணமாகக் கொடுத்தால் போவது நகல். ஒன்றைத் திருத்தினால் மற்றது அசையாது. 'அண்ட்' குறியைச் சேர்த்தால் நகல் கிடையாது. ஒரே சரக்குக்கு இரண்டு பெயர்.

2004-ல் வந்த பிஎச்பி 5 இந்தக் குறியை ஃபார்ஈச் என்ற சுற்றுக்குள்ளும் அனுமதித்தது. வம்பு அங்கே தொடங்கியது. பங்காருப்பேட்டையில் பிரியும் ரயில் பாதையின் கடைசி நான்கு நிலையங்கள்: கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம். எழுத்துப் பிழை திருத்த, 'ஊர்' என்ற மாறியைக் குறியோடு வைத்து ஒரு சுற்று. சுற்று முடிந்தும் 'ஊர்' சாவதில்லை. மாரிக்குப்பத்தோடு கட்டுண்டு கிடக்கிறது.

அடுத்த சுற்று வெறுமனே அச்சிட. குறி இல்லை, ஆனால் மாறி அதே 'ஊர்'. முதலில் கோரமண்டல் 'ஊரு'க்குள் வருகிறது; அதாவது மாரிக்குப்பத்தின் இடத்தில் உட்காருகிறது. பிறகு உரிகம், பிறகு சாம்பியன். நான்காவது முறை வரும்போது அந்த இடத்தில் இருப்பது சாம்பியன். பட்டியலில் சாம்பியன் இரண்டு தடவை, கடைசி நிலையத்தையே காணோம்! பிஎச்பி ஒரு முணுமுணுப்புக்கூடக் காட்டாது. நிலையங்களுக்குப் பதில் சம்பள விவரம் என்றால், கடைசித் தொழிலாளியின் பணம் முந்தையவர் கணக்குக்குப் போகும்.

முதல் சுற்று முடிந்ததும் 'ஊரை' அன்செட் செய்தால் தீர்ந்தது. மாரிக்குப்பமே அழிந்துவிடுமோ என்று புதியவர்கள் தயங்குகிறார்கள். அழியாது, அறுவது பெயரின் முடிச்சு மட்டும். பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ல் மூடியபோது நடந்ததற்கு இது நேர் எதிர். அங்கே சரக்கு போய்ப் பெயர் தங்கியது; இங்கே பெயர் போய்ச் சரக்கு தங்குகிறது.

மொழியின் கையேடே ஃபார்ஈச் பகுதியில் இந்த அன்செட்டைப் பரிந்துரைக்கிறது. இரண்டாவது சுற்றுக்கு 'நிலையம்' என்று வேறு பெயர் வைத்தாலும் மாரிக்குப்பம் தப்பும்.