56கே: பெட்டி மேல ஒரு வேகம், கம்பியில ஒரு வேகம்

ஒரே விலைக்கு ரெண்டு பொருள் இருந்தா, எதுல பெரிய நம்பர் போட்டிருக்கோ அதை வாங்குறவன்தான் புத்திசாலி. நம்ம கிளாஸ்ல முக்கால்வாசிப் பேரோட கொள்கை இதுதான். மெகாபிக்சல்ல ஆரம்பிச்சு நெட் ஸ்பீடு வரைக்கும் இதே கதை. மார்க்கெட்டிங்னு ஒரு பேப்பரையே படிச்சு பாஸ் பண்ணிட்டு, நாமளே இப்படி ஏமாந்தா எப்படி மக்களே?

இந்தக் கொள்கை எவ்வளவு பெரிய பொய்னு காட்ட எனக்குக் கிடைச்ச சாட்சி, நம்ம வயசுக்காரங்க பெரும்பாலும் கையால தொட்டுக்கூடப் பார்க்காத ஒரு பொருள். டயல்-அப் மோடம். "செத்துப்போன மோடத்தைப் பத்தி இப்ப எதுக்குடா?"ன்னு கேட்கிறவங்க கொஞ்சம் பொறுமையா கடைசி வரைக்கும் வாங்க. விழுப்புரத்துலயோ திண்டிவனத்துலயோ வீட்டுக்கு நெட் கனெக்‌ஷன் எடுக்கப்போற யாருக்கும் இது இன்னிக்கும் தேவைப்படும்.

முதல்ல அடிப்படை. போன் கம்பி மனுஷக் குரலுக்காகப் போட்டது. ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸ்ல இருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள சத்தம்தான் அதுல போகும். கம்ப்யூட்டரோட பிட்டுகளைச் சத்தமா மாத்தி இந்தக் கம்பியில அனுப்பி, அந்தப் பக்கம் சத்தத்தைத் திரும்பப் பிட்டா மாத்துறதுதான் மோடத்தோட வேலை. 1984-ல வந்த வி.22பிஸ் தரத்துல வேகம் விநாடிக்கு 2400 பிட். 1991-ல வி.32பிஸ், 14,400. 1994-ல வி.34, 28,800. அதையே 1996-ல 33,600 ஆக்கினாங்க. கடைசியா 1998-ல வி.90, அதாவது பெட்டி மேல கொட்டை எழுத்துல போட்ட அந்த 56கே.

இதெல்லாம் பிட் கணக்கு, பைட் இல்ல. எட்டால வகுக்கணும். ஒரு எம்.பி. ஃபைலை இறக்க காகிதக் கணக்குப்படி ஆகுற நேரம் இது:

2400-ல: 58 நிமிஷம்
14,400-ல: 9 நிமிஷம் 42 விநாடி
33,600-ல: 4 நிமிஷம் 10 விநாடி
56,000-ல: இரண்டரை நிமிஷம்

இப்ப எதிர்க்கட்சியோட வாதத்தையும் நியாயமா வெச்சுடறேன். 1995 ஆகஸ்ட் 15 அன்னிக்கு வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் திறந்தப்போ, அது பெருநகரங்கள்லதான் கிடைச்சது. நமக்குப் பக்கம்னா சென்னை. விழுப்புரம் எஸ்.டி.டி. கோடு 04146, திண்டிவனம் 04147, சென்னை 044. ஆக இங்கிருந்து நெட்டுக்குப் போறதுன்னா சென்னைக்கு எஸ்.டி.டி. போட்டு, மீட்டர் ஓட ஓட உட்கார்ந்திருக்கணும். மோடம் ஒரு தடவை செலவு, அதாவது நிலையான செலவு. போன் பில் நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறுற மாறும் செலவு. காஸ்ட் அக்கவுண்டிங் முதல் பாடமே இதுதானே? 2400-ஐத் தூக்கிப் போட்டுட்டு 14,400 வாங்கினவன் பந்தாவுக்கு வாங்கல. 58 நிமிஷ பில்லைப் பத்து நிமிஷ பில்லா குறைச்சான். அவனுக்கு என் சல்யூட்.

ஆனா அதே லாஜிக்கை வெச்சுக்கிட்டு 33,600-ல இருந்து 56,000-க்குத் தாவினவன்? அங்கதான் பெரிய நம்பர் கொள்கை குப்புற விழுது.

1948-லயே கிளாட் ஷானன் ஒரு சூத்திரம் கொடுத்துட்டார். ஒரு கம்பியில அதிகபட்சம் எவ்வளவு தகவல் போகும்னு முடிவு பண்றது அந்தக் கம்பியோட அகலமும் அதுல இருக்கிற இரைச்சலும்தான். பெட்டி மேல ஒட்டின ஸ்டிக்கருக்கு அதுல இடமே இல்ல. 3100 ஹெர்ட்ஸ் அகலம், சிக்னல் இரைச்சலை விட 35 டெசிபல் அதிகம்னு போட்டா ஏறக்குறைய 36,000 பிட் வரும். லைன் கெட்டு அது 25 டெசிபலா இறங்கினா, 25,700 பிட். அவ்வளவுதான். நீங்க வாங்கின மோடம் ஜப்பானா தைவானான்னு கம்பிக்குத் தெரியாது.

அப்புறம் 56கே எப்படி வந்ததுன்னா, ஒரு தந்திரம். இன்டர்நெட் கம்பெனி பக்கம் முழுக்க டிஜிட்டலா இருக்கணும். நடுவுல டிஜிட்டல், அனலாக் மாற்றம் ஒரே ஒரு இடத்துல, உங்க ஊர் எக்ஸ்சேஞ்சுல மட்டும் நடக்கணும். அப்படி இருந்தாதான் வி.90 வேலை செய்யும். வழியில எங்கயாவது இன்னொரு தடவை மாற்றம் நடந்தா, உங்க 56கே சத்தமில்லாம வி.34-க்கு இறங்கிடும். மேல சொன்ன 36,000 கணக்கு திரும்ப வந்து உட்கார்ந்துக்கும்.

பெட்டி மேல சின்ன எழுத்துலகூட எடுப்பா சொல்லாத விஷயங்கள் இன்னும் இருக்கு:

1. 56 டவுன்லோடுக்கு மட்டும்தான். வி.90-ல அப்லோடு உச்சம் 33,600-ஐத் தாண்டாது. மெயில் அனுப்புறவனுக்கு ஒரு பைசா லாபமில்ல.

2. 1997-ல எக்ஸ்2-ன்னு ஒரு கோஷ்டி, கே56ஃப்ளெக்ஸ்னு இன்னொரு கோஷ்டி. ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாது. நீங்க ஒண்ணு வாங்கி, இன்டர்நெட் கம்பெனி இன்னொண்ணு வெச்சிருந்தா, பெட்டியில 56, கையில 33.

3. அமெரிக்காவுலயே போன் லைன்ல அனுப்பலாம்கிற சக்திக்கு எஃப்.சி.சி. வெச்ச வரம்பால உச்சம் 53,300-தான். பொருள் பிறந்த ஊர்லயே எட்ட முடியாத நம்பரை ஊரெல்லாம் அச்சடிச்சு வித்திருக்காங்க!

4. விண்டோஸ்ல சில மோடத்துக்கு கனெக்ட் ஆனதும் 1,15,200-ன்னு காட்டும். பார்த்தவுடனே புல்லரிக்கும். அது கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் நடுவுல இருக்கிற ஒண்ணரை அடி ஒயரோட வேகம். போன் லைனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

எக்ஸ்சேஞ்சுல இருந்து பல கிலோமீட்டர் தள்ளி வீடு, நடுவுல பத்து ஜாயிண்ட், ஐப்பசி மழையில ஜாயிண்டுக்குள்ள தண்ணி, வீட்டுக்குள்ள அதே லைன்ல ரெண்டாவது போன். சின்ன ஊரோட கம்பி இதுதான். அப்படிப்பட்ட லைன்ல உச்ச வேகத்துக்குத் துடிக்கிற மோடம் அடிக்கடி தடுமாறும், சில நேரம் லைனே கட் ஆகும். இதுக்கும் கணக்கு போடலாம். ஒரு எம்.பி. ஃபைல், 44,000-ல 3 நிமிஷம் 11 விநாடி. மூணாவது நிமிஷம் கட் ஆச்சுன்னு வைங்க. திரும்ப டயல் பண்ணி, அந்தக் கீச்சுச் சத்தமெல்லாம் முடிய அரை நிமிஷம். டவுன்லோடு முதல்ல இருந்து. மொத்தம் 6 நிமிஷம் 41 விநாடி. கட் ஆகாத 28,800 மோடம் அதே ஃபைலை 4 நிமிஷம் 51 விநாடியில முடிச்சுட்டு சும்மா உட்கார்ந்திருக்கும். இதனாலதான் விவரம் தெரிஞ்சவங்க ஏ.டி. கட்டளை போட்டு, தன் மோடத்தோட வேகத்தைத் தானே குறைச்சு வெச்சாங்க. காசு கொடுத்து வாங்கின வேகத்தை வேண்டாம்னு சொன்ன ஒரே வாடிக்கையாளர் கூட்டம் அவங்களாத்தான் இருக்கும்.

"அப்போ வேற என்னதான் பண்ணியிருக்கணும்?"னு கேட்டா, பதில் நம்ம பக்கத்துலயே இருக்கு. விழுப்புரத்துல இருந்து புதுச்சேரி போற ரயில் நிக்கிற ஊர்தான் வில்லியனூர். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல தொடங்கின கிராமத் தகவல் மையத் திட்டத்துக்கு அதுதான் தலைமையிடம். அவங்க கிராமத்துக்குக் கிராமம் பெரிய மோடம் வாங்கி மாட்டிட்டு உட்காரல. போன் லைனோட சேர்த்து வி.எச்.எஃப். ரேடியோவையும், சில இடங்கள்ல சூரிய மின்சாரத்தையும் கலந்து ஒரு நெட்வொர்க் கட்டினாங்க. அமெரிக்கக் கடற்படை இணையதளத்துல வர்ற அலை உயரக் கணிப்பை எடுத்து, வீராம்பட்டினம் மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில தமிழ்ல சொன்னாங்க. அந்தச் செய்தி ஒரு கிலோபைட் எழுத்துன்னு வைங்க. 2400 பிட் வேகத்துலயே நாலு விநாடிக்குள்ள போயிடும். கடலுக்குப் போகலாமா வேண்டாமான்னு காத்திருக்கிறவனுக்கு 56கே எதுக்கு? காலையில லைன் கிடைச்சாப் போதும்.

இன்னொண்ணு நெல்லிக்குப்பம். கரும்பு விவசாயிகளுக்காக இ.ஐ.டி. பாரி 2000-களின் தொடக்கத்துல நடத்தின தகவல் மையங்களுக்கு, சென்னை ஐ.ஐ.டி.யில அசோக் ஜுன்ஜுன்வாலாவோட டெநெட் குழு உருவாக்கின கார்டெக்ட் வயர்லெஸ்தான் இணைப்பு. அதுல 35 கிலோபிட், 70 கிலோபிட்னு ரெண்டு வேகம். கவனிங்க, சின்ன வேகம் 56-ஐ விடக் குறைவு. ஆனா 35-ல நெட் ஓடும்போதே போனும் பேசலாம், மோடமே தேவையில்ல. எல்லாரும் "எந்த மோடம் வேகம்?"னு கேட்டுக்கிட்டிருந்தப்போ, இவங்க "கோளாறு கம்பியிலதானே, கம்பியை மாத்தினா என்ன?"ன்னு கேட்டாங்க. என்னைக் கேட்டா, மோடம் காலத்துல தமிழ்நாட்டுல கேட்ட உருப்படியான கேள்வி அதுதான்.

சரி, இன்னிக்கு வருவோம். மோடம் போச்சு, ஃபைபர் வந்தாச்சு. பழக்கம் போச்சா? விளம்பரத்துல பெரிய எழுத்துல ஒரு நம்பர், அதுக்குப் பக்கத்துல எறும்பு சைஸ்ல "வரை". 100 எம்.பி.பி.எஸ். வரை. 300 எம்.பி.பி.எஸ். வரை. தெருவே வீட்டுக்கு வந்து போனை நோண்டுற ராத்திரி ஒன்பது மணிக்கு எவ்வளவு வரும்னு கேட்டுப் பாருங்க, விற்கிறவர் ரூட்டரைத் தடவிக்கிட்டே பேச்சை மாத்துவார். அரசாங்கத்துக்கிட்ட பிராட்பேண்டுக்கு அடிமட்ட நம்பர் இருக்கு. 2004-ல 256 கிலோபிட், 2013-ல 512, 2023-ல 2 மெகாபிட். 300-ன்னு சொல்லி விற்கிற ஊர்ல, "இதுக்குக் கீழ போனா பிராட்பேண்டே இல்ல"ன்னு சட்டம் சொல்றது 2! ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற 298-தான் விளம்பரத்தோட விளையாட்டு மைதானம்.

நான் கேட்கிறது ஒண்ணே ஒண்ணு. உச்சத்தை எந்த சைஸ் எழுத்துல போடறாங்களோ, அதே சைஸ்ல நெரிசல் நேரத்துல உறுதியா கிடைக்கிற வேகத்தையும் போடணும். எடை போட்டு விற்கிற கடைக்காரர் "ஒரு கிலோ வரை இருக்கும்"னு சர்க்கரைப் பொட்டலத்தை நீட்டினா வாங்குவோமா? நெட்டுக்கு மட்டும் ஏன் தலையாட்டறோம்?

அடுத்த தடவை யாராவது உங்ககிட்ட ஒரு பிளானை நீட்டினா, "எவ்வளவு வரைக்கும் வரும்?"னு கேட்காதீங்க. "எவ்வளவுக்குக் கீழ போகாது?"ன்னு கேளுங்க. பதில் சொல்ல முடியாதவர்கிட்ட கையெழுத்துப் போடாதீங்க.

டிஸ்கி: "அப்போ 56கே வாங்கின எல்லாரும் முட்டாளா?"ன்னு சண்டைக்கு வராதீங்க. லைன் நல்லா இருந்த தெருவுல இருந்தவங்க குடுத்து வெச்சவங்க. நான் திட்டுறது வாங்கினவங்களை இல்ல, அச்சடிச்சவங்களை.