செருப்பைக் கடித்தால் திமிரா?

நாய் வளர்க்கும் பல வீடுகளில் தீர்ப்பு தயாராகவே இருக்கிறது. செருப்பைக் கடித்தால் திமிர். சோபாவைக் கிழித்தால் கொழுப்பு. தரையை நக்கிக்கொண்டே இருந்தால் கெட்ட பழக்கம். தண்டனை மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்... அடி!

காரணம் என்னவென்று யாராவது பார்த்தார்களா?

குட்டிக்கு 28 பால் பற்கள். ஏறக்குறைய நாலு முதல் ஆறு மாத வயதில் அவை விழுந்து 42 நிரந்தரப் பற்கள் முளைக்கின்றன. ஈறு குறுகுறுக்கும்போது வாய்க்கு எட்டியதை அது கடிக்கத்தான் செய்யும். கடிக்க ஒரு ரப்பர் பொம்மையைக் கொடுத்து, செருப்பை உள்ளே எடுத்து வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

வளர்ந்த நாயை நாள் முழுக்கத் தனியாகக் கட்டிப் போட்டால் அதற்கு வேறு என்ன வேலை இருக்கிறது?

ஓயாமல் நக்குவது இன்னும் கவனிக்க வேண்டிய விஷயம். கனடாவின் மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தரை, சுவர் என்று எதையாவது நக்கிக்கொண்டே இருந்த 19 நாய்களைப் பரிசோதித்து 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் 14 நாய்களுக்கு வயிறு, குடல் கோளாறு! சிகிச்சை கொடுத்தவற்றில் பாதிக்கும் மேற்பட்ட நாய்களிடம் நக்குவது நன்றாகக் குறைந்தது. அதாவது, வயிற்று நோய்க்குப் பல வீடுகளில் கொடுக்கப்படும் மருந்து பிரம்படி!

மண், கல், துணி என்று விழுங்குவதற்கு 'பைகா' என்று பெயர். ரத்தசோகைகூடக் காரணமாக இருக்கலாம். விழுங்கிய சாக்ஸ் குடலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. துணியை மென்ற நாய் வாந்தி எடுத்து, சாப்பாட்டையும் ஒதுக்கினால் உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

"தப்பு என்று அதற்கே தெரியும், எப்படி முழிக்கிறது பார்!" என்பது அடிப்பவர்களின் கடைசி வாதம். அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல் வெளியிட்ட ஆய்வில் இதற்குப் பதில் இருக்கிறது. வேண்டாம் என்று சொன்ன தின்பண்டத்தைத் தின்ற நாயும் சரி, தொடாத நாயும் சரி, எஜமானர் திட்டினால் அப்படித்தான் முழித்தன. அந்த முழி குற்ற உணர்ச்சி அல்ல. திட்டுக்குக் காட்டும் பணிவு.

அடி வாங்கிய நாய் ஒன்றே ஒன்றைத்தான் கற்றுக்கொள்கிறது: ஆள் இல்லாத நேரத்தில் கடிக்க வேண்டும். ஈறு குறுகுறுப்பும் வயிற்றுக் கோளாறும் அப்படியேதான் இருக்கின்றன. கை ஓங்குவதற்கு முன் பல்லையும் வயிற்றையும் பார்ப்பதுதான் வளர்ப்பவரின் கடமை. அதற்கு நேரமில்லை என்பவர்கள் நாய் வளர்க்காமல் இருப்பதே நாய்க்கு நல்லது.