நெட்டுல எடுத்ததுதானே?



அறிவியல் கண்காட்சியில் நான் வைத்த காகித காசினி விண்கலத்தைப் பார்த்த எல்லோரும் கேட்டது, "நெட்டுல எடுத்ததுதானே?"

ஆமாம். நாசா இலவசமாகத் தரும் படத்தைத்தான் பிரிண்ட் எடுத்தேன். ஆனால் தாள் தானாக மடியுமா? தீர்ந்துபோன ரீஃபிலால் கோடுகளை அழுத்தி, ஈர்க்குச்சியால் பசை தடவி மூன்று நாள் உட்கார்ந்தேன். ஆன்டெனா இரண்டு தடவை கோணிப்போச்சு! நிஜத்தில் அது 4 மீட்டர் அகலமாம். அப்போதுதான் தேடிப் படித்தேன். 1997-ல் கிளம்பி, 2004-ல் சனியை அடைந்து, 2017-ல் அதற்குள்ளேயே விழுந்துவிட்டது, பாவம்.

கடையில் வாங்கிய தெர்மோகோல் மாடலுக்குப் பரிசு உண்டு. (காசு கொடுத்தது அப்பா!) எனக்குப் பரிசு வேண்டாம் சார். அடுத்த வருஷம் 'சொந்தமாகச் செய்தவை' மேசையில் இதற்கும் இடம் கொடுங்கள்.