லினக்ஸில் விளையாடினால் குற்றமா?

விண்டோஸுக்கு எழுதிய விளையாட்டை லினக்ஸ் கணினியில் ஓட்டுவது வெட்டி வேலை, ஆட ஆசையிருந்தால் அதற்கேற்ற கணினியை வாங்க வேண்டியதுதானே என்று ஒரு வாதம் விடாமல் சுற்றி வருகிறது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பழைய கதை.

1993-இல் தொடங்கிய 'வைன்' திட்டம் செய்வது துபாஷி வேலை. விளையாட்டு விண்டோஸிடம் கேட்பதை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்கிறது. விண்டோஸின் வரைகலை இடைமுகமான டைரக்ட்3டியின் கட்டளைகளை, லினக்ஸிலும் இயங்கும் வல்கன் இடைமுகத்துக்கு மாற்ற டிஎக்ஸ்விகே இருக்கிறது. இவற்றைச் சேர்த்து வால்வ் நிறுவனம் 2018-இல் 'புரோட்டான்' வெளியிட்டது. 2022-இல் வந்த அந்நிறுவனத்தின் ஸ்டீம் டெக் கைக்கணினி இயங்குவதே லினக்ஸில்தான். அதில் பலர் ஆடும் 'எல்டன் ரிங்' லினக்ஸுக்கென்று எழுதப்பட்டதே இல்லை.

வேடிக்கை இன்னொன்று. விண்டோஸ் 3.1 காலத்து 16-பிட் விளையாட்டுகளை இன்றைய 64-பிட் விண்டோஸ் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. வைன் அவற்றில் பலவற்றை ஓட்டிக் காட்டுகிறது! 'அதற்கேற்ற கணினி' எது என்று இப்போது யார் சொல்வது?

குறை உண்டு. ஃபோர்ட்நைட் லினக்ஸில் ஓடாது. ஆனால் அதிலுள்ள ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளான ஈஸி ஆன்டி-சீட், 2021 முதல் புரோட்டானுக்கும் கிடைக்கிறது. அதை வைத்திருக்கும் எபிக் நிறுவனமே தன் விளையாட்டுக்கு அந்தக் கதவைத் திறக்கவில்லை.