பத்துப் பொருத்தம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை பொத்தேரியில் அண்ணி வீட்டுக்குப் போயிருந்தேன். காப்பி குடித்து முடிப்பதற்குள் ஒரு வழக்கு என்னிடம் விசாரணைக்கு வந்துவிட்டது. வாதி அண்ணி; பிரதிவாதி அவள் பிள்ளை. வழக்குக்குக் காரணம், கொட்டகையில் துணி போர்த்திக்கொண்டு நிற்கும் 1965-ஆம் வருஷத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். காலஞ்சென்ற என் அண்ணா, கல்யாணமான புதிதில் பழைய வண்டியாகப் பார்த்து ஆசை ஆசையாக வாங்கியது.

"அத்தை, இதிலே இருக்கிற இஞ்சின் வெறும் 948 சி.சி.! ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிக்காரன்கூட ஹாரன் அடித்து ஒதுங்கச் சொல்கிறான். புது இஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் வைத்துவிட்டால் ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி பறக்கும்" என்றான் பிள்ளை.

"பறக்கட்டும். ஆனால் உன் அப்பா வண்டியின் சத்தம் போய்விடுமே!" என்றாள் அண்ணி.

இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. அதுதான் சங்கடம்.

பிள்ளைக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வந்ததில் ஆச்சரியம் இல்லை. மிச்செலொட்டி என்ற இத்தாலியர் வடிவமைத்த இந்த ஹெரால்டு, 1959-ல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1961 முதல், பொத்தேரியிலிருந்து மூன்றே ஸ்டேஷன் தள்ளியிருக்கும் நம் வண்டலூரில் தயாராயிற்று. இங்கிலாந்துக்காரர்கள் 1962-ல் ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதன்மேல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். ஆகவே கொட்டகையில் நிற்கும் கிழவர், ஒரு பந்தயக் குதிரைக்கு ஒன்றுவிட்ட அண்ணன்!

இஞ்சினை மாற்றுகிற யோசனையும் புதிதல்ல. அதே 1962-ல் ஹெரால்டுக்கு ஆறு சிலிண்டர் இஞ்சினை வைத்து, வைட்டெஸ் என்று பெயரிட்டு விற்றார்கள். அதற்காக அடிச்சட்டத்தைப் பலப்படுத்தினார்கள். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வைத்தார்கள். 1966-ல் ஸ்பிட்ஃபயருக்கும் இரண்டு லிட்டர் இஞ்சின் வைத்து ஜி.டி.6 ஆக்கினார்கள். ஆனால் பின் சக்கர அமைப்பு பழையதுதான். வளைவில் வேகமாகப் போகும்போது சட்டென்று ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின் சக்கரம் உள்ளே மடங்கி வண்டியின் வால் சுழலும். அதைத் திருத்தி அமைக்க 1968 ஆயிற்று. பெற்ற தாய் வீட்டுக்கே இத்தனை பாடு!

நம் வண்டலூரிலும் ஒரு கதை நடந்தது. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்ற கார் வந்தது. இங்கிலாந்தில் 3528 சி.சி. எட்டு சிலிண்டர் இஞ்சினுடன் 1976-ல் பிறந்த ரோவர் காரின் அழகான உடல். உள்ளே வைத்ததோ பழைய வான்கார்டு வம்சத்து 1991 சி.சி. நாலு சிலிண்டர் இஞ்சின். அது மட்டமான இஞ்சினா? இல்லவே இல்லை. அதே வம்சத்து இஞ்சின்தான் 1953-ல் டி.ஆர்.2 என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரை மணிக்கு நூறு மைலுக்கு மேல் ஓட்டியது. அந்தச் சின்ன உடலுக்குச் சிங்கமாக இருந்தது, பெரிய ரோவர் உடலுக்கு வந்ததும் மூச்சு வாங்கியது. விற்பனை படுத்துவிட்டது, 1988-ல் தயாரிப்பு நின்றது.

பெண்ணும் நல்ல பெண், பிள்ளையும் நல்ல பிள்ளை, ஆனால் சேர்ந்து வாழ முடியவில்லை என்று நாம் கேள்விப்படுவதில்லையா? அந்தக் கதைதான்.

"அதனாலே முதலில் ஜாதகத்தைப் பார். ஸ்பானரை அப்புறம் எடு" என்று ஒரு நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். பக்கத்துத் தெரு மெக்கானிக்கையும் கூப்பிட்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதினோம்.

முதல் பொருத்தம், திசை. இக்காலத்துச் சின்னக் கார்களில் பெரும்பாலும் இஞ்சின் குறுக்கே படுத்து முன் சக்கரங்களை இழுக்கிறது. ஹெரால்டிலோ நெடுக்காக நின்று பின் சக்கரங்களைத் தள்ளுகிறது. கிடைத்த இஞ்சினை எல்லாம் தூக்கி வைத்துவிட முடியாது. இரண்டாவது, எடை. முன்பக்கம் கனத்தால் ஸ்பிரிங் தாழும், ஸ்டியரிங் இறுகும். மூன்றாவது, கியர் பெட்டி. அது நீளமாக இருந்தால் பின்னால் போகும் சுழல் தண்டை வெட்டிச் சரிசெய்ய வேண்டும். உள்ளே இருக்கிற மூடியும் மாற வேண்டும். பின் அச்சின் பல் சக்கரங்கள் புது இஞ்சினின் முறுக்கைத் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். நாலாவது, ரேடியேட்டர். ஐந்தாவது, எல்லாவற்றையும்விட முக்கியமான பிரேக். ஓடுகிற சக்தி கூடினால் நிற்கிற சக்தியும் கூட வேண்டாமா?

ஆறாவது, சர்க்கார் பொருத்தம். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவை மறந்து, பதிவு அதிகாரியைக் கேட்காமல் இஞ்சினை மாற்றக் கூடாது. மேலும், ஐம்பது வயது தாண்டி அசல் உருவத்திலேயே இருக்கும் வண்டிகளை 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்ய 2021-ல் மத்திய சர்க்கார் விதி செய்திருக்கிறது. சட்டத்தையோ, உடலையோ, இஞ்சினையோ மாற்றிய வண்டிக்கு அந்தக் கௌரவம் கிடையாது.

பிள்ளை அந்த வரியில் பேனாவை நிறுத்தினான். வெகுநேரம் பேசவில்லை.

"பழைய இஞ்சினைப் பிரித்து, பிஸ்டனும் வால்வும் சரி செய்தால் என்ன ஆகும்?" என்று மெக்கானிக்கைக் கேட்டான்.

"பறக்காது, தம்பி. ஆனால் மாமல்லபுரம் வரைக்கும் நிற்காமல் போய்வரும்."

துணியை விலக்கினார்கள். சாவியைத் திருப்பினான். வண்டி இருமியது, தும்மியது, பிறகு பிடித்துக்கொண்டது. அந்தப் பழைய சத்தம் கொட்டகையை நிறைத்தது.

தீர்ப்புச் சொல்ல அண்ணியைத் தேடினேன். காணோம். முன்பெல்லாம் தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டதும் அவள் அடுப்பில் பால் வைத்துவிடுவது வழக்கம்.

சமையலறையில் பால் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது.