மலைச் சைக்கிளும் கிறாம் கணக்கும்

ஒரு பொருளின் தரத்தை ஆராய்வதற்குப் பொறுமை இல்லாதபோது அதனைத் தராசில் ஏற்றிப் பார்ப்பது மனித இயல்பு. முன்னும் பின்னும் அதிர்வு தாங்கிகள் பொருத்தப்பட்ட மலைச் சைக்கிள்களுக்கு இன்று நேர்ந்திருப்பதும் அதுதான். 14 அல்லது 15 கிலோ நிறையுள்ள வண்டியொன்றைப் பெரும் பணம் கொடுத்து வாங்குகிறவர், சில மாதங்களுக்குள் அதனை 13 கிலோவாகக் குறைக்க வேண்டுமென்ற தவத்தில் இறங்கிவிடுகிறார். கார்பன் ஹாண்டில், தைத்தேனியம் திருகாணிகள், மெல்லிய ரயர்கள், சிறிய பிறேக் தட்டுகள் என்று பட்டியல் நீளுகிறது. முடிவில் வண்டியின் விலையில் பாதிக்கு இணையான தொகை செலவாகிவிட்டிருக்கும். வண்டி முன்னரிலும் நன்றாக ஓடுகின்றதா என்ற கேள்வியை மட்டும் எவரும் கேட்பதில்லை.

நிறைக் குறைப்பு முழுவதும் வீண் வேலை என்று நான் கூற வரவில்லை. எந்த நிறை வேலை செய்கிறது, எந்த நிறை வெறுமனே சவாரி செய்கிறது என்று பிரித்தறியாமல் குறைப்பதே தவறு என்கிறேன்.

இந்த வண்டி பிறந்த கதையை நோக்கினால் இது தெளிவாகும். 1976 ஒக்டோபர் 21ஆம் திகதி, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், தமல்பாயிஸ் மலையை அண்டிய மண்பாதையொன்றில் சில இளைஞர்கள் கீழ்நோக்கி ஓடும் போட்டியொன்றை நடத்தினார்கள். அவர்கள் ஓட்டியவை 1930களிலும் 1940களிலும் செய்யப்பட்ட, 20 கிலோ அளவுக்குப் பாரமான பழைய சைக்கிள்கள். இறக்கத்தில் பின்சில்லின் பிறேக் சூடேறி உள்ளிருந்த கிறீஸ் எரிந்துபோக, ஒவ்வொரு ஓட்டத்தின் பின்னும் அதனை மீண்டும் அடைக்க வேண்டியிருந்தது. போட்டிக்கு 'றீபக்' என்ற பெயர் வந்தது அதனால்தான். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த கேரி பிஷர் பழைய வண்டியில் கியரையும் வலுவான பிறேக்குகளையும் பொருத்தினார். ஜோ பிறீஸ் 1977இல் இத்தகைய ஓட்டத்துக்கென்றே புதிய சட்டகம் ஒன்றை ஆக்கினார். பிறீஸின் சட்டகம் பழையவற்றிலும் இலேசானது என்பது உண்மை. ஆனால் அவர் அதனைச் செய்ததற்கு முதற் காரணம் பழைய சட்டகங்கள் முறிந்துகொண்டிருந்தமையே. பிஷர் சேர்த்தவையோ நிறையைக் கூட்டுபவை. மலைச் சைக்கிள் என்ற பொருளே பயன் கருதி நிறை சேர்த்ததால் உருவானது என்று சொன்னால் அது மிகையாகாது.

பின்னர் வந்த வரலாறும் அவ்வாறே. 1990இல் கொலராடோவின் டுராங்கோவில் நடைபெற்ற முதலாவது உலக சம்பியன்ஷிப்பில், மலையிறங்கும் போட்டியைக் கிறெக் ஹேர்போல்ட் வென்றது முன்போக்கில் அதிர்வு தாங்கி பொருத்திய வண்டியில். வீண் பாரம் என்று பலர் கருதிய கருவி அது. பின்சில்லுக்கும் அதிர்வு தாங்கி வந்தபோது, ஏற்றமும் இறக்கமும் கலந்த நெடும்பாதைப் போட்டியாளர்கள் அதனைப் பல ஆண்டுகள் ஒதுக்கியே வைத்தார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் செக் நாட்டின் யரோஸ்லாவ் குல்ஹாவி இருபுறமும் அதிர்வு தாங்கியுள்ள வண்டியில் வந்து, பின்புறம் அதிர்வு தாங்கியில்லாத இலேசான வண்டியில் வந்த சுவிற்சர்லாந்தின் நினோ சேர்ட்டரைக் கடைசி நேரத்தில் முந்தித் தங்கம் பெற்றார். நான்கு ஆண்டுகளின் பின் ரியோவில் சேர்ட்டர் தங்கம் வென்றபோது அவருடைய வண்டியிலும் பின் அதிர்வு தாங்கி இருந்தது. தோற்றவர் கற்றுக்கொண்ட பாடத்தை, வண்டி வாங்குகிறவர்கள் இன்னும் கற்கவில்லை.

ஓடும்போதே பொத்தானை அழுத்தி உயர்த்தவும் தாழ்த்தவும் கூடிய ஆசனத் தண்டு இன்னொரு சான்று. சாதாரண தண்டிலும் பார்க்க அது சில நூறு கிறாம் கூடியது. கிறாம் கணக்குப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட உலகக் கிண்ண வீரர்கள் பலர் இன்று அதனைத் தாமாகவே விரும்பிப் பொருத்துகிறார்கள். இறக்கத்தில் ஆசனம் தாழ்ந்தால் உடல் தாழ்கிறது. உடல் தாழ்ந்தால் வேகத்தைக் குறைக்காமல் வளைவில் திரும்பலாம். ஏற்றத்தில் அந்தப் பாரத்துக்குக் கொடுக்கும் விலையை இறக்கத்தில் வட்டியுடன் மீட்டுக்கொள்ளலாம்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஓட்டுபவர் 75 கிலோ, வண்டி 15 கிலோ, மொத்தம் 90 கிலோ என்று கொள்வோம். ஒரு கிலோவைக் குறைத்தால் மொத்தத்தில் நூற்றுக்கு 1.1 பங்கு குறையும். செங்குத்தான ஏற்றத்தில் பலம் செலவாவது பெரும்பாலும் நிறையை மேலே தூக்குவதற்கே. ஆகவே நேரமும் ஏறத்தாழ அதே விகிதத்திலேயே குறையும். ஒரு மணி நேர ஏற்றத்தில் மிச்சமாவது சுமார் 40 விநாடிகள். போட்டியாளனுக்கு 40 விநாடி பெரிய விடயம்தான். ஞாயிறு காலையில் நண்பர்களுடன் காட்டுப்பாதைக்குப் போகிறவருக்கு அது உச்சியில் மூச்சு வாங்கும் நேரம். 750 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை நிரப்பினாலே முக்கால் கிலோ ஏறிவிடுகிறது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

எனினும் எல்லாக் கிறாமும் ஒன்றல்ல. சில்லின் வெளி விளிம்பிலுள்ள நிறை முன்னோக்கிச் செல்வதோடு சுழலவும் செய்கிறது. எனவே வேகமெடுக்கும்போது அது ஏறத்தாழ இரு மடங்கு நிறைபோல் உணரப்படும். அத்துடன், அதிர்வு தாங்கிகளுக்குக் கீழேயுள்ள சில்லு, ரயர், பின்சில்லின் பற்சில்லுத் தொகுதி ஆகியன இலேசாக இருந்தால், கல்லிலும் வேரிலும் மோதிய சில்லு விரைவாக நிலத்துக்குத் திரும்பும். சட்டகத்தில் 200 கிறாம் குறைவதும் பின்சில்லில் 200 கிறாம் குறைவதும் தராசுக்கு ஒன்றே. ஓட்டுபவருக்கு அவை வெவ்வேறு.

எனவே பணம் செலவழித்தே தீருவேன் என்பவர் தொடங்கவேண்டிய இடம் சில்லுகள். ரியூபை அகற்றி, துளையடைக்கும் திரவம் ஊற்றி, ரியூப் இல்லாத முறைக்கு மாறுவது செலவு குறைந்த முதற்படி. 29 அங்குலச் சில்லின் ரியூப் ஒன்று 200 கிறாம் அளவில் இருக்கும். திரவத்தின் நிறையைக் கழித்தாலும் சிறிதளவு மிச்சமாகும். அதைவிட முக்கியம், காற்றழுத்தத்தைக் குறைத்து ஓடக்கூடியதாக இருப்பதும் ரயரின் பிடிமானம் கூடுவதுமாகும். அடுத்தது பற்சில்லுத் தொகுதி. ஷிமானோ நிறுவனத்தின் 12 வேகத் தொகுதிகளில், டியோர் வகை 600 கிறாமுக்குச் சற்றுக் குறைவு. அதே பற்களின் எண்ணிக்கையுள்ள எக்ஸ்.ரி.ஆர். வகை 370 கிறாம் அளவு. விலை மட்டும் பல மடங்கு. இடைப்பட்ட வகை ஒன்றைத் தெரிவதே புத்தி என்பேன். அதுவும் பழையது தேய்ந்த பின்னரே.

கைவைக்கக் கூடாத இடங்களும் உள. முதலாவது பிறேக். 180 மில்லிமீற்றர் தட்டைக் கழற்றி 160 மில்லிமீற்றர் தட்டைப் போட்டால் மிச்சமாவது சில பத்துக் கிறாம். நீண்ட இறக்கத்தில் அந்தச் சிறிய தட்டு விரைவில் சூடேறி, பிடிக்கும் வலுவை இழக்கும். இரண்டாவது ரயரின் பக்கச் சுவர். கூரிய கற்கள் நிறைந்த பாதையில் மெல்லிய சுவர் கிழிந்தால் வீடுவரை நடைதான். மூன்றாவது ஹாண்டிலும் அதன் திருகாணிகளும். கார்பன் ஹாண்டில் நல்ல பொருளே. ஆனால் குறிப்பிட்ட முறுக்குவிசைக்கு மேல் இறுக்கினால் உள்ளே வெடிப்பு விழலாம். அது கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். ஹாண்டில் முறியும்போது முன்னறிவித்தல் கொடுப்பதில்லை.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரித்தானியாவின் ரொம் பிட்கொக் போட்டியின் நடுவில் முன்சில்லில் காற்றுப் போய்ப் பின்தங்கினார். உதவியாளர்கள் சில்லை மாற்றிக் கொடுத்தார்கள். அவர் மீண்டு வந்து தங்கம் வென்றார். வீரனின் திறமையைப் போற்றுவோம். ஆனால் அவருக்காகப் பாதையோரத்தில் மாற்றுச் சில்லுடன் ஆட்கள் காத்திருந்தார்கள் என்பதையும் மறவாதிருப்போம். அவருடைய வண்டியைப் பார்த்து நம் வண்டியை மாற்றுகிறவர்களுக்கு அந்த ஆட்கள் கிடைக்கப் போவதில்லை.

வீதிப் பந்தயச் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று சர்வதேச சைக்கிள் சம்மேளனம் 2000ஆம் ஆண்டு முதல் விதித்துள்ளது. மலைச் சைக்கிளுக்கு அத்தகைய எல்லை இல்லை. இங்கே எல்லை வகுக்கவேண்டியவர் ஓட்டுபவரே. அதற்கு உதவும் தகவல் இல்லாமலில்லை. வண்டிகளையும் பாகங்களையும் அவற்றின் பயன்பாட்டுக்கேற்ப வகைப்படுத்தும் அமெரிக்கத் தரக் குறிப்பொன்று உண்டு. அதன்படி மூன்றாம் வகை 61 சென்ரிமீற்றருக்கு உட்பட்ட பாய்ச்சலுக்கும், நான்காம் வகை 122 சென்ரிமீற்றருக்கு உட்பட்ட பாய்ச்சலுக்கும் உரியவை. நான்காம் வகை வண்டியில் மூன்றாம் வகை ஹாண்டிலைப் பொருத்துகிறவர், இலேசான வண்டியை அல்ல, வலுவிழந்த வண்டியையே பெறுகிறார்.

பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் என்ற வகையில் எனக்கு இங்கு ஒரு மனக்குறை உண்டு. நிறை என்பது தலைப்பில் அடங்கும் எண். பிடிமானமும் நம்பிக்கையும் அப்படி அடங்குவதில்லை. ஆகவே வண்டி மதிப்புரைகள் நிறையிலேயே தொடங்குகின்றன. அந்த எண்ணும் பெரும்பாலும் பெடல் இல்லாமல் நிறுத்த எண். பெடல் இல்லாமல் எவர் மலையேறுகிறார்? நிறையை அச்சிடுகிறவர்கள், பெடலுடன் கூடிய நிறையையும், அந்தப் பாகம் தாங்கக்கூடிய ஓட்டுபவரின் உச்ச நிறையையும், அது எந்த வகைப் பாவனைக்குரியது என்பதையும் சேர்த்து அச்சிட வேண்டும். விற்பவர்களிடம் வாங்குபவர்கள் இதனைக் கேட்டுப் பெறவும் வேண்டும்.

கலிபோர்னியாவில் சைக்கிள் செய்த கீத் பொன்ராகர் சொன்னதாகச் சொல்லப்படும் கருத்தொன்று இத்துறையில் பிரசித்தம். வலு, இலேசு, மலிவு ஆகிய மூன்றில் எவையேனும் இரண்டையே பெறலாம் என்பது அதன் சாரம். மூன்றையும் ஒருசேரத் தருவதாக விளம்பரம் சொன்னால், அவற்றுள் வலுவே முதலில் கைவிடப்பட்டிருக்கும் என்று ஐயுறுவது நல்லது. ஏனெனில் விலையைக் கடையில் பார்த்துவிடலாம், நிறையைத் தராசில் பார்த்துவிடலாம். வலுவின் குறையோ மலையிறக்கத்தில்தான் தெரியவரும்.

ஆகையால் பாகங்களின் பட்டியலை எழுதுவதற்கு முன் செய்யக்கூடியவை சில. அதிர்வு தாங்கிகளின் காற்றழுத்தத்தை உங்கள் உடல் நிறைக்கேற்ப அமையுங்கள். பின் அதிர்வு தாங்கி, நீங்கள் ஏறி அமர்ந்தவுடன் தன் ஓட்டத்தில் நூற்றுக்கு 25 முதல் 30 வரை அமிழவேண்டும் என்பது பொதுவான அளவு. முன்போக்கின் கீழ்ப்பகுதியிலுள்ள எண்ணெயை உற்பத்தியாளர் சொல்லும் காலத்தில் மாற்றுங்கள். ரொக்ஷொக்ஸ் போன்றவை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை என்கின்றன. இவற்றால் ஒரு கிறாமும் குறையாது. ஆனால் கவனிப்பாரற்றுக் கிடந்த வண்டி இவற்றுக்குப் பின்னர் ஓடும் ஓட்டத்தில் தெரியும் வித்தியாசம், ஒரு கிலோ குறைத்தால் தெரிவதிலும் அதிகமாகவே இருக்கும். அதன் பின்னரும் பாரமென்று தோன்றினால் சில்லிலிருந்து தொடங்குங்கள். பிறேக்கையும் ஹாண்டிலையும் விட்டுவிடுங்கள்.