செய்மதி வாங்கியும் சொல்லாக்கச் சோம்பலும்

கலைச்சொல்லாக்கம் பற்றி நம்மிடையே நிகழும் வாதங்கள் யாவும் ஒரே வினாவைச் சுற்றியே வருகின்றன. பிறமொழிச் சொல்லை ஒலிபெயர்த்துக் கொள்வதா, தூய தமிழில் மொழிபெயர்ப்பதா என்பதே அது. இரு சாராரும் ஒருவரையொருவர் கடுமையாகச் சாடுவர். எனினும் இருவருக்கும் பொதுவான குறையொன்று உண்டு. சொல் எப்பொருளைக் குறிக்கின்றதோ அப்பொருளை இருவருமே திறந்து பார்ப்பதில்லை. ஜீபீஎஸ் எனப் பலரும் அழைக்கும் செய்மதி வழிகாட்டி வாங்கிகளில் வழங்குஞ் சொற்கள் இதற்குத் தக்க சான்று.

இக்கருவி இன்று ஆய்வுகூடத்திற்கு மாத்திரம் உரியதன்று. வடபகுதிக் கடற்றொழிலாளர் அதனை வள்ளத்தில் வைத்திருக்கின்றனர். பாக்கு நீரிணையின் கடலெல்லை 1974 ஆம் ஆண்டு உடன்படிக்கையில் ஆறு புள்ளிகளால் வரையப்பட்டது. அவ்வெல்லையைத் தாண்டினரென்று கைதாவோர் இரு கரைகளிலும் உளர். இரு கரையினரும் தமிழ் பேசுவோரே. ஆகவே இங்கு ஒரு சொல் பிழைத்தால் இழக்கப்படுவது பரீட்சைப் புள்ளி மாத்திரமன்று.

'துல்லியம்' என்ற சொல்லை முதலில் நோக்குவோம். கருவியின் திரையில் '3 மீற்றர்' என்று தோன்றும் எண்ணுக்கு ஆங்கிலத்தில் 'அக்கியூரசி' என்பது பெயர். தமிழில் அதனைத் 'துல்லியம்' என்று பெயர்ப்பது வழக்கமாகிவிட்டது. துல்லியம் மிகுந்தால் எண்ணும் மிகவேண்டும் அல்லவா? இங்கோ எண் குறையக் குறையவே நிலை சிறக்கின்றது. உண்மையில் அவ்வெண் துல்லியத்தின் அளவன்று, வழுவின் மதிப்பீடு. அதுவும் உறுதியான எல்லையன்று. அன்ட்ரோயிட் கைத்தொலைபேசிகளில் அது 68 சதவீத நிகழ்தகவுடைய வட்டத்தின் ஆரை என்று வரையறுக்கப்பட்டுள்ளது. அதாவது மூன்று தடவையில் ஏறத்தாழ ஒரு தடவை, உண்மையான இடம் அவ்வட்டத்திற்கு வெளியே கிடக்கும். 'துல்லியம் 3 மீற்றர்' என்று வாசிப்பவர் இதனை எங்ஙனம் ஊகிப்பார்? 'வழு மதிப்பீடு' என்றிருந்தாற் குறைந்தபட்சம் ஐயமாவது எழும். ஆங்கிலச் சொல்லே பிழையானது. அப்பிழையையும் பத்திரமாகப் பெயர்த்துத் தருவது மொழித்தொண்டு ஆகாது.

'துல்லிய நீர்த்தல்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்கத்தக்க மற்றோர் அளவும் உண்டு. செய்மதிகள் வானின் ஒரு மூலையில் நெருங்கி நிற்கும்போது, தூர அளவீட்டிலுள்ள சிறு பிழை இடக்கணிப்பிற் பன்மடங்காகப் பெருகும். வான் முழுவதும் பரந்து நிற்கும்போது அவ்வளவு பெருகாது. அப்பெருக்கத்தின் மடங்கையே அந்த எண் தருகின்றது. 'வழுப்பெருக்கம்' என்றால் ஒரே சொல்லில் விளங்கக்கூடியது, பால் நீர்த்தாற்போல் ஏன் நீர்க்கவேண்டும்? 'குளிர் தொடக்கம்' என்பதோ இன்னும் நகைப்புக்குரியது. செய்மதிகளின் இருப்பு, நேரம், தன் இடம் ஆகியன பற்றிய எந்நினைவும் இன்றிக் கருவி தேடத் தொடங்குவதையே அது குறிக்கும். சொல்லை நம்புபவர் கருவியை வெயிலிற் காயவைக்கவும் கூடும்.

தமிழிற் சொல்லில்லை என்ற முறைப்பாடு இத்துறையிற் பெரும்பாலும் பொய். கோணத்தின் அறுபதிலொரு கூறுக்கும் மணித்தியாலத்தின் அறுபதிலொரு கூறுக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர்தான். தமிழோ முன்னதைக் கலை என்றும் அதன் அறுபதிலொன்றை விகலை என்றும் வேறுபிரித்து வைத்துள்ளது. கையிலிருந்த இவ்வேறுபாட்டை எறிந்துவிட்டு, 'நிமிடம், செக்கன்' என்று எழுதுவோர் ஆங்கிலத்தின் வறுமையைக் கடன்வாங்குகின்றனர். இது வெறும் அழகியற் குறையன்று. 30.50 கலை என்பது முப்பதரைக் கலை; அதாவது 30 கலை 30 விகலை. அதனை 30 கலை 50 விகலை என்று வாசித்தால் வடக்குத் தெற்காக 600 மீற்றருக்கு மேற் பிழைக்கும். 1974 உடன்படிக்கையின் புள்ளிகளிற் சில இவ்வாறு கலையின் தசமத்திலேயே தரப்பட்டுள்ளன.

திசை பற்றிய சொற்களிலும் இதே அலட்சியம். வள்ளத்தின் அணியம் நோக்கும் திசை வேறு, நீரோட்டமும் சோழகமும் இழுக்க வள்ளம் மெய்யாகச் செல்லும் திசை வேறு, சேரவேண்டிய இடத்தின் திசைகோள் வேறு. சாதாரண வாங்கி தன் நகர்ச்சியிலிருந்து அறிவது செல்திசையை மாத்திரமே. நின்ற இடத்தில் அது காட்டுந் திசை நம்பத்தக்கதன்று. மூன்றையும் 'திசை' என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்போர் கடலுக்குப் போவதில்லை.

செய்மதிகள் அனுப்பும் தரவுகளையும் நோக்குக. எல்லாச் செய்மதிகளின் பாதைகளையும் பருமட்டாகத் தருவது ஒன்று. ஜீபீஎஸ் முறையில் அது முழுமையாக வந்துசேரப் பன்னிரண்டரை நிமிடம் செல்லும். தத்தம் பாதையை நுட்பமாகத் தருவது மற்றொன்று. அது 30 செக்கனுக்கொருமுறை மீள வரும், சில மணித்தியாலங்களே செல்லுபடியாகும். முன்னதன் ஆங்கிலப் பெயரே பஞ்சாங்கம் எனப் பொருள்படுவது. வாக்கியம், திருக்கணிதம் என இரு பஞ்சாங்கங்களை வைத்துப் புத்தாண்டு பிறக்கும் நேரத்திற்கு ஆண்டுதோறும் வாதிடும் யாழ்ப்பாணத்தாருக்கு, வான்கணிப்பில் இருவகை உண்டென்பதை எவரும் புதிதாகக் கற்பிக்கவேண்டியதில்லை. ஒப்புமை முழுமையானதன்று, ஆயினும் 'பருமட்டுப் பஞ்சாங்கம்', 'நுண்பஞ்சாங்கம்' என்றால் விளங்காதோர் யார்?

கடலின் மொழி ஆங்கிலமே, தொழிலாளி பழக்கத்தாற் கற்றுக்கொள்வான் என்று சிலர் விடையிறுப்பர். கப்பல்களுடன் வானொலியிற் பேசும் மொழி வேறு, தன் திரையிலுள்ள எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று ஒருவன் தனக்குள் எண்ணும் மொழி வேறு. மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த சாமுவேல் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதனை உணர்ந்திருந்தார். அரசகரும மொழித் திணைக்களத்தின் கலைச்சொற்றொகுதிகளும் அவ்வழியிலேயே வந்தன. கதி வேறு, வேகம் வேறு என்று நம் பாடசாலை மாணவன் இன்றும் பிரித்தறிவது அவற்றின் பயனே. அம்மரபைப் போற்றுவதாக மேடையிற் கூறும் பல்கலைக்கழகத்தார் புதிய கருவிகளின் சொற்களை மொழிபெயர்ப்புப் பொறிகளிடம் ஒப்படைத்துவிட்டு அமர்ந்திருக்கின்றனர்.

பொறியியலாரும் தமிழ்த்துறையாரும் கூடி ஒரு பட்டியலை ஆக்குவது கடினமன்று. அச்சேற்றுமுன் அதனை மயிலிட்டித் துறைமுகத்திற்குக் கொண்டு சென்று, இரவு தொழிலுக்குப் புறப்படுவோர் முன் வாசித்துக் காட்டவேண்டும். இங்கு முன்மொழிந்த 'வழுப்பெருக்கம்' அங்கே விளங்காதாயின் அதனையும் அடித்துவிடலாம்.